கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே

மீன் வளர்ப்பவரிடம் சட்டம் பேசப் போகிறவனுக்கு ஓர் எச்சரிக்கை: நடுக்கடலில் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது, திரும்பப் படகு வரும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எண்பதுகளில், சாங்கிக் கரைக்கும் உபின் தீவுக்கும் நடுவே மிதந்த மீன் பண்ணைகளுக்கு நான் அரசாங்க இன்ஸ்பெக்டர். மிதவை கட்டி, மேலே பலகை போட்டு, வலைக்கூண்டுகளைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொடுவாயும் களவாயும் வளர்ப்பார்கள். பண்ணைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிட்டதால் நீரோட்டம் அடைபட்டு, தின்ற மிச்சமும் கழிவும் கூண்டுக்கு அடியிலேயே தங்கி அழுகின. பண்ணைக்குப் பண்ணை ஒரு படகு நுழையும் அளவு வழி விட வேண்டும், செத்த மீனைக் கடலில் வீசக்கூடாது என்று நான் ஒரு விதி எழுதினேன். “சீனப் புத்தாண்டுவரை சோதித்துப் பார். சரிவராவிட்டால் கிழித்துப் போடு” என்றுவிட்டார் மேலதிகாரி. மேலேயும் கீழேயும் ஒரே நாளில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் உத்தியோகம் பார்க்கும் நண்பர்களே, இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எல்லோரிடமும் கருத்துக் கேட்டேன்

சமூக நிலையத்தில் கூட்டம் போட்டோம். உபின் தீவில் காலங்காலமாக வலை வீசும் பாக் ஹசான் முதலில் எழுந்தார். பண்ணைகள் வந்ததிலிருந்து தன் வலையில் இறாலுக்குப் பதில் வழவழவென்று அழுக்குதான் ஏறுகிறது, பண்ணைகளையே அப்புறப்படுத்துங்கள் என்றார். பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களில் பெரியவர் ஆ செங்; முதலாளி என்ற பொருளில் எல்லோரும் ‘தவுக்கே’ என்பார்கள். அவரும் நானும் மலாயில்தான் பேசிக்கொள்வோம், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன், வாக்கியத்தின் கடைசியில் அவர் ஒட்டும் ‘லா’வை மட்டும் அப்படியே விட்டு.

வழி விட்டால் கூண்டு வைக்கும் இடம் குறையும், புத்தாண்டுக்கு மீனும் குறையும் என்று மேசையைத் தட்டினார். தட்டிய தட்டில் என் காப்பி கவிழ்ந்து, விதி எழுதிய தாளெல்லாம் நனைந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது.

“அலை வந்து தினமும் கடலைக் கழுவுது லா. நடுவுல நீங்க எதுக்கு?”

தேக்காவில் எனக்குக் கிடைத்த மரியாதை

தேக்கா சந்தையில் மீன் விற்ற அந்தோணி அண்ணன் எங்கள் தேவாலயத்துக்காரர்; வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கி மீன் சாப்பிடும் கூட்டம் நாங்கள். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுப்பார். திங்கட்கிழமை கடைக்குப் போனால் யாரோ என்பது போலப் பார்ப்பார். பண்ணை மீன் குறைந்தால் வாடிக்கைக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்பது அவர் வழக்கு.

“அந்த மீனில் சேற்று வாடை அடிக்கிறது என்று நீங்கள்தானே திட்டினீர்கள்?” என்றேன். “நான் திட்டுவேன், அது வேற” என்றார். இருப்பதிலேயே சோனியான கொடுவாயை எடுத்துத் தாளில் சுற்றி என் கையில் வைத்தார்.

“தம்பி, வெள்ளிக்கிழம வீட்டுல மீன் கொழம்பு வேணும்னா சட்டத்தக் கொஞ்சம் மெதுவாப் போடுங்க.”

நாய் சொன்ன சாட்சி

ஆ செங் பண்ணைக்குச் சோதனைக்குப் போனேன். பக்கத்துப் பண்ணை அவருடைய மைத்துனருடையது. இரண்டுக்கும் நடுவே அழகாக, விதிப்படி, தண்ணீர் வழி. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “தவுக்கே, நீங்கள்தான் மனிதர்” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அப்போது மைத்துனர் பக்கம் படுத்திருந்த ஆ செங்கின் கறுப்பு நாய், அந்நியன் வந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் குரைத்தபடி ஓடி வந்தது. கொஞ்சமும் வேகம் குறைக்காமல் நேராக அந்த வழியில் காலை வைத்துத் தொப்பென்று கடலில் விழுந்தது. தினமும் பலகை கிடந்த இடம் அது. நான் வருகிறேன் என்று தெரிந்ததும் பலகையை ஒளித்து, கயிற்றைத் தளர்த்திப் பண்ணைகளை விலக்கியிருக்கிறார்கள். நாய்க்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மீன் அள்ளும் வலையால் அதை அள்ளிப் போட்டார் ஆ செங். மைத்துனர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறேன், ஆனால் புத்தாண்டுவரை வழி இப்படியே இருக்க வேண்டும் என்றேன். ஆ செங் நாயை முறைத்தார்.

“சரி லா. என் மீன் செத்தா உங்க சட்டமும் சாகணும்.”

தண்ணீர் அசையாத வாரம்

புத்தாண்டு நெருங்கும்போது நீரோட்டம் சோர்ந்து, காற்றும் நின்று, கடல் தேநீர் நிறத்துக்கு மாறியது. மீன்கள் மிதக்கின்றன என்று காலையில் தகவல் வந்தது. உடனே படகில் புறப்பட்டேன். நெருக்கிக் கட்டிய பண்ணைகளில் கூண்டு கூண்டாக வெள்ளை வயிறுகள். பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆ செங் பண்ணையில் வழியோரமாக நுரை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நகர்ந்தது! கூண்டுக்குள் கொடுவாய்கள் உயிரோடு புரண்டன. ஆ செங் கை நிறையத் தீனி வீசினார். தண்ணீர் கொதித்தது போல மீன்கள் துள்ளின. நான் வாய்விட்டுக் கத்தினேன், வெட்கமே படவில்லை.

அதைப் பார்த்த மற்றவர்கள் அன்றே கயிறுகளை அவிழ்த்தார்கள். கூண்டுகளை விலக்கி இழுக்கப் படகு போதவில்லை. மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு முதலில் வந்தவர், பண்ணைகளே வேண்டாம் என்ற பாக் ஹசான். ஆ செங்கைப் பார்த்துப் படகிலிருந்தே கத்தினார்.

“எனக்கு உங்க மேலதான் கோவம், மீன் மேல இல்ல. கயித்தப் போடுங்க.”

இரண்டாவது கூட்டம்

அதே சமூக நிலையம், அதே மேசை. என் காப்பியை முன்னெச்சரிக்கையாகக் குடித்துவிட்டேன். விதியை எதிர்த்து ஒரு கை எழவில்லை. பாக் ஹசான்கூடத் தலையசைத்தார். முடிந்தது என்று மேலதிகாரி தாளை மூடும்போது ஆ செங் எழுந்தார். நான் காலிக் கோப்பையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

“இன்ஸ்பெக்டர் எழுதின அகலம் பத்தாது” என்றார். நீரோட்டத்துக்கு இது போதுமே என்று மேலதிகாரி வியந்தார். நீரோட்டத்துக்குப் போதும், ஆனால் மைத்துனர் தினமும் தன் பண்ணையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மறுபடி நெருங்குகிறார், அதற்குத் தன்னிடம் சாட்சி இருக்கிறது என்றார் ஆ செங். மைத்துனர் நாற்காலியில் சரிந்தார்.

“நேத்து என் நாய் நனையாமத் தாண்டிடுச்சு லா. அது விழுற அளவுக்கு அகலம் போடுங்க!”

கூடமே அதிரச் சிரித்தது, அகலமும் கூட்டப்பட்டது, அந்த வெள்ளிக்கிழமை அந்தோணி அண்ணன் கடையிலேயே பெரிய கொடுவாயை என் கையில் திணித்தார். நான் மூளையைக் கசக்கி எழுதிய விதிக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் மட்டும் ‘லோரோங் அஞ்சிங்’, அதாவது நாய்ச் சந்து.