கம்பு அவலும் காய்ச்சின பாலும்

எங்கள் கம்பெனியின் கம்பு அவல் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ‘எங்கள் கதை’ என்று நான்கு வரி இருக்கும். அதை எழுதியது நான். முன்பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிறுமியும் நான்தான். ஒன்பது வயதில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது. பெருமை பேசுகிறாள் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன், பெருமைதான். அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டை மூட்டை அடுக்கியிருந்த குடோனில் தொடங்கியது, இன்று கம்பு அவல், சோள அவல், குதிரைவாலிப் பொரி, வெல்லப்பாகு சுற்றிய கேழ்வரகு உருண்டை என்று சென்னை வரைக்கும் லோடு போகிறது. எங்கோ ஒரு வீட்டில் காலையில் அடுப்புப் பற்றவைக்காமலே பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால், அதில் எங்கள் கையும் இருக்கிறது. பிறகு பெருமைப்படாமல் என்ன செய்வது?

தொடங்கியவள் என் சித்தி, அப்பாவுடைய தம்பியின் மனைவி. காலேஜில் வேதியியல் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். மதுரைக் கடை ஒன்றில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற மக்காச்சோள அவல் பெட்டியைப் பார்த்தாளாம். நம் கரிசலில் விளைகிற கம்பில் இது ஏன் வராது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தாளாம். சித்தப்பாவும் எங்கிருந்தோ ஒரு பழைய உருளை மெஷினைக் கொண்டுவந்து குடோனில் இறக்கிவிட்டார். கம்பை ஊறவைத்து, அவித்து, உருளைக்குள் விட்டு நசுக்கி, வறுத்து எடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

முதல் ஈடு உருளையில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. அடுத்தது பல்லைப் பேர்க்கும் பதத்தில் வந்தது. அதற்கடுத்தது கரிந்துபோனது. மாட்டுக்குப் போனது போக மிச்சத்தை ருசி பார்க்கிற உத்தியோகம் என்னுடையது. சித்தி நோட்டும் பேனாவுமாக என் எதிரில் உட்காருவாள். “இன்னைக்கு எப்படிடி இருக்கு, மொறுமொறுங்குதா, இல்ல சவசவங்குதா?” என்று கேட்பாள். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வாள். நான் சொன்னதை எழுதிவைத்துக்கொண்ட ஒரே பெரிய மனுஷி அவள்தான். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அப்படி எழுதியதில்லை.

அம்மாவுக்கு மட்டும் அந்த மெஷின் சத்தமே ஆகாது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு தடவை கிண்ணத்தில் இருந்ததை ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னாள்: “பாலும் சீனியும் போட்டா மருந்து குடிக்கிற மாதிரி இருக்கு. நம்ம சனம் கம்பங்கூழுக்கு மோரும் வெங்காயமும் வச்சுத் தின்ன சனம். இதுக்கும் மோரை ஊத்திக் குடுத்துப் பாரேன்.”

“அது கூழுக்கு, அக்கா. இது வேற,” என்றாள் சித்தி. படித்தவளுக்கு இருக்கிற பிடிவாதம் அவளுக்கும் இருந்தது.

உண்மையில் அம்மா சொன்னதை எனக்கு முன்பே செய்து காட்டியவர்கள் இருந்தார்கள். திருச்சுழிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து மெஷினில் வேலை பார்த்த பெண்கள், மத்தியானத்தில் நொறுங்கிய அவலை அள்ளி மோரில் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். சித்திக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அவல் நன்றாகவே வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. அப்பா தம்பி மனைவியிடம் நேராகப் பேசமாட்டார். சித்தி பக்கத்தில் நிற்கும்போதே சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “ஏலே, மதுரைக்காரரு வந்து பாக்கட்டும். அவுக எடுத்தா நடத்துங்க. இல்லேன்னா பருத்தி வாரதுக்குள்ள குடோனைக் காலி பண்ணி, மெஷினை எடைக்குப் போட்டுரு.” சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மதுரைக்காரர் என்பவர் நாலைந்து ஊர்களில் பெரிய மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர் வருகிற அன்று சித்தி திட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தாள். பாலைக் காய்ச்சி நன்றாக ஆறவைக்க வேண்டும். அவருக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம். ஆறின பாலில் அவல் மொறுமொறுவென்று நிற்கும். நான் சத்தம் கேட்கும்படி மென்று சாப்பிட வேண்டும். நான் முதல் நாளிலிருந்தே மென்று பழகிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத ஆள். சித்தி அவலைப் போட்டு நீட்ட, அம்மா செம்பிலிருந்து பாலை ஊற்றினாள். ஊற்றும்போதே ஆவி பறந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவல் சுருண்டு, கரைந்து, களிம்பு மாதிரி ஆகிவிட்டது.

சித்தியின் முகம் செத்துப்போயிற்று. “அக்கா, ஆறின பால் இருக்கா?” என்று கிசுகிசுத்தாள்.

“மொத்தத்தையும் சுடவச்சுட்டேனே. வந்தவுகளுக்கு ஆறின பாலை எப்படிக் குடுக்க? நல்லாவா இருக்கும்?” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அது அப்படித்தான். விருந்தாளிக்குச் சூடில்லாமல் ஒன்று கொடுத்தால் அவமரியாதை. அம்மாவைக் கொன்றாலும் அதைச் செய்யமாட்டாள். அப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்காரர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தியின் ஒரு வருஷம் அந்தக் கிண்ணத்தில் கரைந்து கிடந்தது. என்ன தோன்றியதோ, அடுப்படிக்கு ஓடினேன். மேடை மேலேயே மோர்ச்செம்பு இருந்தது, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சின்ன வெங்காயம். இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, அவர் எதிரிலேயே புதுக் கிண்ணத்தில் அவலைப் போட்டு மோரை ஊற்றினேன். ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. வீடே என்னைப் பார்த்தது.

“பாப்பா, அது என்ன?” என்றார் அவர்.

“கம்பு அவலு. இப்படித்தான் நல்லா இருக்கும்.”

“எனக்கும் அதே மாதிரி குடு.”

கொடுத்தேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். பிறகு சித்தியைப் பார்த்து, “இதை ஏம்மா பாக்கெட்டுல எழுதல? எங்க பக்கத்துச் சனத்துக்கு இதைச் சொன்னாப் போதும். முதல் லோடை அனுப்புங்க” என்றார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சித்தியிடம் நேராகப் பேசினார்: “அவுக கேட்டபடி எழுதிப் போட்டுரும்மா.”

இப்போதும் எங்களிடம் அதிகம் விற்பது மோர் அவல்தான். உள்ளே சிறு பொட்டலத்தில் உப்பு, மோர்மிளகாய்த் தூள், காயவைத்த வெங்காயம் எல்லாம் வைத்துக் கொடுக்கிறோம். ‘ஒன்பது வயதுச் சிறுமி கண்டுபிடித்த ருசி’ என்பதுதான் பாக்கெட்டின் பின்பக்கத்து நான்காவது வரி.

போன வருஷம் புதுப் பாக்கெட் அடித்து வந்தபோது அந்த நான்கு வரியையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“எல்லாம் சரிதான். அந்த வெங்காயத்தை யாரு உரிச்சு வச்சான்னு நெனைக்க?”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. விருந்தாளிக்குப் பாலும் சீனியும் கொடுக்கிற காலையில், அடுப்படி மேடையில் வெங்காயம் உரித்து எதற்கு இருந்தது?

“ஆறின பாலைக் குடுக்க எனக்கு மனசு வரல. சூடா ஊத்துனாக் கூழாயிரும்னும் தெரியும். உங்க சித்திகிட்டச் சொன்னாக் கேக்க மாட்டா. நீ குடோன்ல மோரு ஊத்தித் தின்னுட்டு வந்து எங்கிட்ட ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறது எனக்குத் தெரியாதா? அதான் கைக்கு எட்டுற மாதிரி எடுத்து வச்சேன். நீ ஓடி எடுப்பேன்னு தெரியும்.”

அன்று பாலைச் சுடவைத்ததற்காக அம்மாவை அப்பா திட்டினார், சித்தப்பா திட்டினார், பொறாமையில் செய்தாள் என்று சொந்தக்காரர்கள்கூடப் பேசினார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. சித்தி மட்டும் திட்டவில்லை. சாயங்காலம் நான் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் என் பெருமையைச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் மோர் அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி கையால் ஒரு வெங்காயத்தை எடுத்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் காரம் போல என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு வாய் வேண்டும் என்று இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.