எதிர்ப்பக்கத்து அடுப்பு

எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், முன்னே பின்னே மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நினைத்தாலே இப்போதும் கை பரபரக்கிறது.

நான் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சிறு பிள்ளையாகக் கப்பலில் இங்கே வந்தேன். சுரங்கத்தில் பர்மனென்ட்டாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே வயதும் ஆனது. பிள்ளை இல்லை. அவர் ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி செய்த அன்று, "நான் எங்க ஊருக்குப் போறேன். நீ உன் ஊருக்குப் போயிரு," என்றார். எது என் ஊர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வடலூர் ரோட்டில் ஒரு தையல்காரி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தேன். கோத்தகிரியிலிருந்து தம்பி போன் செய்தான்.

"தனியா என்னா செய்வ அக்கா? ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிர்றேன்."

நல்லவன்தான். ஆனால் அவன் வீட்டில் எனக்கு ஒரு மூலைதான். அவன் வருவதற்குள் என் சோற்றை நானே தேடிக்கொள்வேன் என்று காட்டியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்தது தோட்டத்துத் தேங்காய் ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும். விடியும்போதே சுரங்க கேட் அருகே, வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும் பக்கத்தில் அடுப்பை வைத்தேன். கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். ஒருவரும் நிற்கவில்லை. பஞ்ச் போட ஓட்டம். கூவி விற்க எனக்கு வாய் வராது. ரொட்டி ஆறிப்போனது.

கூட வந்த தங்கச்சி அதட்டினாள். "இன்னாக்கா, தேர் பாக்குற மாதிரி பாத்துகினு நிக்கிற? கூப்புடு!"

அப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷனுக்கு எத்தனை வருஷம் சமைத்தேன்! ஷிஃப்டுக்குப் போகும்போது ஒரு வாய் காப்பி, அவ்வளவுதான். திரும்பி வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே "சோறு" என்பார்.

"அடுப்பத் தூக்கு தங்கச்சி! அந்தப் பக்கம் போவோம்!" என்று கத்தியேவிட்டேன். என் சத்தத்துக்கு நானே பயந்தேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு பஸ் ஏற அந்தப் பக்கம் வந்தவர்கள் முகமெல்லாம் கரித்தூசி. ஒருவர் நின்றார்.

"இன்னா ஆயா இது, அடையா?"

"ரொட்டிங்க. தேங்கா போட்டது."

சம்பலைத் தொட்டுக் கடித்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. "யோவ், வாங்கய்யா இங்க! ஆயா நம்மள அழ வெக்குது!" என்று கூட்டாளிகளைக் கூப்பிட்டார். அப்புறம் தங்கச்சி மாவு உருட்ட, நான் தட்டிப்போட, அன்று கல் ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி நேரே சுரங்க கேட்டுக்கே வந்துவிட்டான். தங்கச்சி சர்ச்சுக்குப் போயிருந்தாள். எனக்குக் கை உதவிக்கு ஆளில்லை.

"பெட்டி கட்டிட்டியாக்கா?"

"பேச நேரமில்லடா. தேங்காயத் திருவு."

பையைக் கீழே வைத்துவிட்டுத் திருவ உட்கார்ந்தான். சாயங்காலம் அவன் மட்டும் பஸ் ஏறினான்.

முதல் நாள் தூறல் இருந்ததா, அடுப்பின் எந்தப் பக்கத்தை நான் பிடித்தேன் என்பதெல்லாம் குழம்புகிறது. யாராவது தையல்காரத் தங்கச்சியிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். எதிர்ப்பக்கம் போவோம் என்றது மட்டும் நான்தான். அதை அவள் மாற்றிச் சொன்னால் நம்பாதீர்கள்.