அக்காவைத் தங்க வைத்த ஹோட்டல்

தேனு என்ற பெயரை அவளுக்கு வைத்தது ஆபீஸ்காரர்கள். குரலுக்காக வைத்தது. முகத்தைப் பார்த்து வைத்திருந்தால் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் விற்கிற கம்பெனியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பேசுகிற வேலை. அதிலும் அவளுக்கென்று ஒரு தனி மேசை. கப்பல் மதியம் கிளம்பும். வெளியூர்க்காரர்கள் முந்தின நாளே வந்து இறங்கிவிடுவார்கள். அந்த ஒரு ராத்திரிக்கு எங்கே தங்குவது என்று கேட்பார்கள். இங்கே தங்குங்கள் என்று சொல்வதுதான் தேனுவின் வேலை.

சொல்வதற்கு இருந்தது இரண்டே ஹோட்டல்கள். ஒன்று துறைமுகத்தை ஒட்டியது. இன்னொன்று ஊருக்குள்ளே, மேம்பாலம் தாண்டி. ஊருக்குள் இருப்பது தானாகவே நிரம்பிவிடும். துறைமுகத்து ஹோட்டலைத்தான் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். தேனு கட்டினாள். ஆனால் அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அப்பட்டமான பொய் என்று ஒன்று அவள் வாயிலிருந்து வராது. "கடல் பக்கம் சார்" என்பாள்; கடல் தெரியும் என்று சொல்லவே மாட்டாள். "அந்தக் காலத்துக் கட்டடம் மேடம், அந்த அழகே தனி" என்பாள். "அமைதியான ஏரியா" என்றால் சுற்றிலும் ஒரு டீக்கடைகூடக் கிடையாது என்று அர்த்தம். யாராவது அந்த இன்னொரு ஹோட்டலைப் பற்றிக் கேட்டுவிட்டால், "நல்ல ஹோட்டல்தான் சார். ஆனா காலைல மேம்பாலத்து டிராஃபிக்க நம்பிக் கப்பலைப் பிடிக்கப் போறீங்களா?" என்று இழுப்பாள். எதிர்முனையில் இருப்பவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிடும். அப்புறம் அவரே கெஞ்சி துறைமுகத்து ஹோட்டலில் அறை வாங்கிக்கொள்வார்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த ஹோட்டலை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆபீஸ் இருந்த ஊர் கடலுக்கு எட்டாத தூரத்தில். அவள் பார்த்ததெல்லாம் கம்பெனி கொடுத்த நாலைந்து படங்கள். குறை சொல்லி வருகிற போன்களோ வேறு மேசைக்குப் போகும். தன் காதுக்கு ஒரு குறையும் வராததால் குறையே இல்லை என்று நம்பிவிட்டாள் மகராசி. ஊரார் காதில் சுற்றிய பூவைக் கடைசியில் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் அவளைப்போல் அறை விற்றவர்கள் யாரும் இல்லை என்று கம்பெனி அவளுக்கு இரண்டு கப்பல் டிக்கெட் பரிசு கொடுத்தது. முந்தின ராத்திரிக்கு இரண்டு ஹோட்டலில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர்.

"துறைமுகத்து ஹோட்டல் சார்" என்றாள் தேனு, யோசிக்காமல்.

மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நிஜமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுமா."

"கடல் பக்கம் சார். பழைய கட்டடம் வேற, அந்த அழகே தனி."

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினார்.

தேனுவின் வீட்டுக்காரருக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும். அதனால் அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அக்கா என்றால் சும்மா அக்கா இல்லை. தையல் கம்பெனியில் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடித்து அடித்துத் தங்கையைக் காலேஜ் வரை படிக்க வைத்தவள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறாள். நாற்பதைத் தாண்டிய தங்கையை இன்னும் "குட்டி" என்றுதான் கூப்பிடுவாள். எது வாங்கினாலும், எங்கே போனாலும், "குட்டி சொல்லிட்டா" என்பதோடு அவளுக்கு விஷயம் முடிந்தது. தேனுவின் வீட்டுக்காரர்கூட, "நீ சொல்றதுல பாதியத் தள்ளிட்டுத்தான் எடுத்துக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவள் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள் அக்காதான். அந்த ஒரு ஆளை இழக்கத் தேனுவுக்குத் தெம்பு கிடையாது.

ஹோட்டல் எப்படி இருக்கும் என்று அக்கா போனில் கேட்டதற்கு, வாய்ப்பழக்கத்தில் தேனு அதே பாட்டைப் பாடினாள். கடல் பக்கம், அமைதியான ஏரியா, வீட்டு ஆள் மாதிரி கவனிப்பு. அக்கா அதைத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் ரயிலேறினாள்.

சாயங்காலம் வாடகைக் கார் இறக்கிவிட்ட இடத்தில் முதலில் வந்து முகத்தில் அறைந்தது நாற்றம். கண்டெய்னர்கள் அடுக்கிய மைதானத்துக்கும் மீன் பெட்டி கழுவுகிற கொட்டகைக்கும் நடுவே ஹோட்டல் நின்றது. வாசலில் மீன் கழுவின தண்ணீர் தேங்கி, மேலே செதில் மிதந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் வாயில் பல்குச்சியை மென்றுகொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தான். அது பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. எதில் ஒட்டிய பிசுபிசுப்போ, அந்தக் கருமத்தை யோசிக்காமல் இருப்பதே நல்லது.

அறைக்குள் தரை விரிப்பின் மேல் கால் வைத்ததும் சொத்தென்று ஈரம் ஏறியது. என்ன ஈரம் என்று யாருக்குத் தெரியும்? தேனு ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். பெயிண்ட் அடித்து ஒட்டியே போயிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர், சுவரில் யாரோ துப்பிய கறை. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. குளியலறையில் யாரோ தேய்த்து மிச்சம் வைத்த சோப்பு, அதில் சுருண்டு ஒட்டிய ஒரு முடி. வாளியின் உள்பக்கம் பச்சையாக வழவழத்தது. கழிப்பறை மூடியைத் தூக்கியவள் தூக்கிய வேகத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். சீ! மனுஷன் வருவானா இந்த இடத்துக்கு? குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படுக்கை விரிப்பில் கையகலம் ஒரு மஞ்சள் கறை. கறையின் மேலேயே மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு ஓரத்தைத் தூக்கி விரலால் தடவினாள்.

"ஓரம் நல்லா அடிச்சிருக்காங்க குட்டி. கெட்டித் தையல்."

தேனு முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"கடல் வாசனை எப்படி வருது பாரு! நீ சொன்ன மாதிரியே" என்றாள் அக்கா. "அமைதியாவும் இருக்கு."

அக்கா சொல்லச் சொல்ல, தேனுவுக்கு அறையைவிடத் தன் வாயைத்தான் கழுவ வேண்டும்போல் இருந்தது. எத்தனை கிழவர் கிழவிகளை, புதுசாகக் கல்யாணம் ஆன எத்தனை ஜோடிகளை, இந்தக் குட்டையில் தள்ளியிருப்பாள்! "நல்லாத் தூங்குங்க சார்" என்று வேறு சொல்லி அனுப்புவாள், வெட்கங்கெட்டவள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அக்கா அதற்குள், "கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?" என்று எழுந்துவிட்டாள். மூட்டு வலியில் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு தம்பதி மட்டும் இருந்தார்கள். மேசையைத் துடைத்த துணியைவிட மேசை சுத்தமாக இருந்தது. வந்த டீயில் ஒரு ஈ மிதந்தது. தேனு பரிமாறுகிறவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதுல ஈ கிடக்கு. வேற டம்ளர் கழுவிக் கொண்டு வாங்களேன், புண்ணியமாப் போகும்."

பக்கத்து மேசைக்காரர் சட்டென்று திரும்பினார். ஒல்லியான ஆள். கண்ணை இடுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"இன்னொரு தடவை பேசுங்கம்மா."

"என்ன சார்?"

"இந்தக் குரல்தான்! நீங்கதானே போன்ல இந்த ஹோட்டலை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தது? நேத்தே வந்துட்டோம். ஒரு ராத்திரி முழுக்க மூட்டைப்பூச்சி. இங்க பாருங்க." மனைவியின் கையைப் பிடித்து நீட்டினார். முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. சில இடங்களில் சொறிந்து நீர் கசிந்தது. அந்த அம்மாள் வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டார். "உண்டா இல்லையா சொல்லுங்க. 'என் கூடப்பிறந்த அக்காவையே அங்கதான் சார் தங்க வைப்பேன்'னு சொன்னீங்களா இல்லையா?"

சொல்லியிருந்தாள். யாராவது தயங்கினால் கடைசியாக எடுத்துவிடுகிற வசனம் அதுதான். அதற்கு மசியாதவர்கள் கிடையாது. தேனுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அக்கா டீ டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"ஆமா, சொன்னா. அதுக்கென்ன இப்போ?"

"நீங்க யாருங்க?"

"நான்தான் அந்த அக்கா" என்றாள். "என்னை இங்கதானே தங்க வச்சிருக்கா? இதுல பொய் எங்க இருக்கு? என் தங்கச்சி சொன்ன சொல் தவற மாட்டா. குறை சொல்றதா இருந்தா ஹோட்டல்காரனைச் சொல்லுங்க. பொம்பளப் பிள்ளைய நடு இடத்துல வச்சு மிரட்டாதீங்க, சொல்லிட்டேன்."

ஒல்லி மனிதர் அக்காவையும் தேனுவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனைவி, "விடுங்க, எழுந்திரிங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார். அக்கா வெற்றியோடு நாற்காலியில் சாய்ந்தாள்.

தேனு அழுதுவிட்டாள்.

"அக்கா, பெட்டிய எடு. வேற ஹோட்டலுக்குப் போயிடலாம்."

"ஏன்? இது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இல்லக்கா. நாத்தம் பிடிச்ச இடம். நான் இதைப் பார்த்ததே கிடையாது. பார்க்காமலேதான் எல்லாரையும் அனுப்பினேன். உன்னையும் அப்படித்தான் கூட்டிட்டு வந்தேன்."

அக்கா ஈ மிதந்த டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"உள்ள கால் வச்சதுமே எனக்குக் குமட்டுச்சு குட்டி. தலையணையில எவனோட எச்சிலோ காஞ்சு கிடக்கு. ஆனா நீ பார்த்து எடுத்தது, ஏதாவது நல்லது இருக்கும்னு தேடிக்கிட்டே இருந்தேன். எனக்குத்தான் பார்க்கத் தெரியலையோன்னு நினைச்சேன்."

வாடகைக் காரில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தேனு, மேம்பாலம் தாண்டி இருக்கிற ஹோட்டலின் பெயரைச் சொன்னாள். கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா கேட்டாள்.

"கப்பலையாவது பார்த்திருக்கியா?"

"படத்துல பார்த்திருக்கேன்."

அக்கா தலையாட்டினாள். கார் மேம்பாலத்தில் ஏறியது. போக்குவரத்து ஒன்றும் பெரிதாக இல்லை.

"என் முட்டிக்கு ஒரு டாக்டர் சொன்னியே. கை ராசிக்காரர், ஆபரேஷன் பண்ணினா ஓடலாம்னு. அவரை?"

தேனு வாயைத் திறந்தாள். சர்க்கரை தடவின பதில் ஒன்று பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"ஆபீஸ்ல யாரோ சொன்னாங்க" என்றாள்.

அக்கா தன் முட்டியைத் தடவிக்கொண்டாள். அதில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. அந்த டாக்டர் ஆபரேஷன் பண்ணின பிறகு வலி கூடியதே தவிரக் குறையவில்லை. அதைப் பற்றி அவள் இதுவரை தங்கையிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

அதற்குள் கார் நின்றுவிட்டது. "இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு!" என்று அக்கா யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

அந்த ஹோட்டலில் தரை பளபளவென்று இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண், முதல் மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, லிஃப்ட் மட்டும் ரிப்பேர் என்றாள். தேனு அவசரமாக அக்காவின் கையைப் பிடித்தாள்.

"இது நிச்சயமா நல்லா இருக்கும்க்கா. நீ உட்காரு, நான் சாவிய வாங்கிடறேன்."

அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நீ பெட்டியப் பார்த்துக்கிட்டு இங்கயே இரு குட்டி. நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலிக்கிற காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து, அக்கா தனியாக மாடி ஏறிப் போனாள்.