திரை போட்ட ஹாலில் வெயில் பாடம்

இன்று ஆம்பூர் ஷூ கம்பெனியின் குடும்ப நாள். ஹாலில் முன்வரிசையில் இருந்தவர்கள்: நான், அங்கே தையல் பிரிவில் வேலை செய்யும் என் தங்கை ஷமீம், விட்டமின் பற்றிப் பேச வந்த மேடம், மேனேஜர்.

ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு, ஏசியில் நின்று மேடம் வெயிலைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

"முட்டை, மீன்ல விட்டமின் டி கொஞ்சம்தான் இருக்கு. வெயில் தோல்ல படணும். நீங்க யாரும் வெளியவே வர்றதில்ல, அதான் முட்டி வலி."

வலியில் படி ஏற முடியாத ஷமீம், அக்காவான என் காதில் சொன்னாள்: "இருட்டுல வேன் ஏறி இருட்டுல இறங்குறேன் ஆபா. சாப்பாட்டு நேரத்துலயும் பின்கதவு பூட்டித்தான் இருக்கு."

எழுந்து கேட்டுவிட்டேன். "சாப்பாட்டு நேரத்துல அந்தக் கதவைத் தொறந்தா இன்னா சார்?"

"வெளிய போனா பொம்பளைங்க பேசிக்கினே நிப்பாங்கம்மா. அதான் ஆளுக்கொரு பாட்டில் விட்டமின் மாத்திரை தர்றோமே!" என்றார் மேனேஜர், பெரிய தர்மம் செய்தவர் போல.

அல்லாஹ் ஆம்பூருக்கு எதைக் குறைத்தாலும் வெயிலைக் குறைக்கவில்லை. அதற்கும் பூட்டுப் போட ஒருவர் சம்பளம் வாங்குகிறார்.

நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மேனேஜர் வீட்டம்மாவும் இதைப் படிப்பார். அம்மா, அந்தக் கதவு திறக்குமா, திறக்காதா? நாளைக்குள் கேட்டுச் சொல்லுங்கள்.