திருத்தங்கலில் யார் வண்டி நிற்பது

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு சண்டை நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரான விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ஒரு பாசஞ்சர் வண்டி புறப்படும். எட்டரைக்குக் கொஞ்சம் முன்பு சிவகாசியிலிருந்து எங்கள் ஊருக்கு இன்னொரு வண்டி கிளம்பும். இருப்பதோ ஒற்றைத் தண்டவாளம். அதனால் இரண்டும் நடுவிலுள்ள திருத்தங்கல் ஸ்டேஷனில்தான் ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். முதலில் வந்து சேரும் எங்கள் வண்டி பக்கத்துத் தடத்தில் ஒதுங்கிப் பத்து நிமிடம் நிற்கும். சிவகாசி வண்டி வந்து, ஆற அமர நின்று, அது போன பிறகுதான் எங்கள் வண்டிக்குச் சிக்னல் கைகாட்டி இறங்கும். சண்டை அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது.

அப்பாவுக்கு எங்கள் ஊரில் மிளகாய் வத்தல் மண்டி. வத்தலுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விருதுநகரில் சொல்லும் விலைதான் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் விலை என்பதில் அவருக்கு அசைக்க முடியாத பெருமை. அப்படிப்பட்ட ஊரின் வண்டி, நேற்றைக்குத் தீப்பெட்டி ஒட்டிப் பணம் பார்த்த ஊரின் வண்டிக்காக ஒதுங்கி நிற்பதா? அம்மா சிவகாசிக்காரர். அப்பா இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, அதன் அடியில் அச்சடித்திருந்த சிவகாசி என்ற எழுத்தைச் சேலைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்து மறுபடி மாட்டுவார். அன்றைக்கு முழுவதும் அப்பா காலண்டர் பக்கம் போக மாட்டார்.

அப்பாவின் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவருடைய கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒரு மணி நேரம் வாணம் விட்டிருக்கிறார்கள். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். வாணம் முடிந்ததும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளை வீட்டு மண்டிய அப்படியே வித்தாலும் இம்புட்டு வெளிச்சம் வாங்க முடியாதுல்ல?" என்று கேட்டுவிட்டார். அன்று அப்பா ஒரு முடிவெடுத்தார். அந்த ஊரிலிருந்து பெண் எடுத்தது எடுத்ததுதான், ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு ஒரு பெண் போகக்கூடாது.

எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு இருந்த ஒரே பெண் அப்பாவின் தங்கை. இருபத்தேழு வயது. சிவகாசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஜாதகம் பொருந்தாமலும், பொருந்திய இடத்தில் படித்த பெண் வேண்டாமென்றும் வரன்கள் தட்டிக்கொண்டே போயின. அத்தை தினமும் எட்டு மணி வண்டியில் வேலைக்குப் போய்வந்தார்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி கிடையாது, அத்தைக்கு உண்டு. நானும் அவரோடு வண்டியேறி மாமா வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்புவேன். வழியெல்லாம் ஜன்னலோரம் எனக்குத்தான். திருத்தங்கல் வந்ததும் மட்டும் அத்தை இடம் மாறிக்கொள்வார். எதிர்த் தடத்தில் சிவகாசி வண்டி வந்து நின்றதும், "புள்ள, அந்த வண்டில எத்தனை பெட்டின்னு எண்ணு" என்பார். நான் வாசலுக்கு ஓடிப்போய் எண்ணி வந்து, "ஏழு அத்தை" என்று சொல்வேன். "சரியா எண்ணுனியா? இன்னொரு தடவ எண்ணு." எங்கள் வண்டியை விட அவர்களுக்கு ஒரு பெட்டி கூடுதலாக இருந்துவிடக்கூடாதே என்று அத்தைக்குக் கவலை போலும் என்று நினைத்து மறுபடி ஓடுவேன். நான் திரும்பும்போது அந்த வண்டி நகர்ந்திருக்கும்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் அப்பா பொறுமை இழந்தார். சிவகாசிக் கம்பெனிகளுக்கும் அச்சாபீஸ்களுக்கும் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசி, ரயில்வேக்கு ஒரு மனு கொடுப்பதென்று முடிவானது. எங்கள் வண்டி எட்டு மணிக்குப் பதில் ஏழு மணிக்கே புறப்பட வேண்டும். அப்போது சிவகாசி வண்டிக்காக எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. அப்பா பென்சிலில் எழுதிக் கொடுத்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்பதால் மையால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, நான் எழுதினேன்.

"வண்டி இப்போது புறப்படும் எட்டு மணிக்கே புறப்பட வேண்டும். திருத்தங்கலில் மட்டும் சிவகாசி வண்டி ஒதுங்கி நிற்க, எங்கள் வண்டி முதலில் செல்ல வேண்டும்" என்று அத்தை வாசித்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். "அத்தை, அப்பா ஏழு மணின்னுல்ல எழுதியிருக்காக?"

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏழு மணிக்கு வண்டின்னா ஒங்க அத்தை காப்பி குடிக்காம ஓடணும். அப்புறம் பள்ளிக்கூடத்துல மயங்கி விழுவேன், பரவாயில்லையா?"

அத்தை மயங்கி விழுவதை நான் விரும்பவில்லை. எட்டு என்றே எழுதினேன். நூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டினார்களே தவிர ஒருவரும் படிக்கவில்லை. அப்பா முதல் கையெழுத்தைப் போட்டார். மகள் எழுதியதை அவர் எதற்குப் படிக்க வேண்டும்?

சேதி சிவகாசிக்குப் போக இரண்டு நாளாகவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் மாமா வீட்டில் தங்கிவிட்டேன். மறுநாள் காலை மாமா என்னைக் கூப்பிட்டு, "ஏ தாயி, ஒங்க ஊருக்கு மட்டுந்தான் எழுதுவியா? மாமனுக்கும் ஒண்ணு எழுதிக் குடு. தீவாளிக்கு ஒனக்குத் தனியா ஒரு பெட்டி அனுப்புதேன்" என்றார். பெட்டி என்றதும் என் ஊர்ப்பற்று சற்றுத் தளர்ந்தது. அவர்கள் வண்டி ஆறேகாலுக்கே கிளம்பி, எங்கள் வண்டி புறப்படும் முன்பே விருதுநகர் வந்துவிட வேண்டுமாம். விவரத்தைச் சொல்லி, வாசகம் சொல்வதற்கு அதே தெருவிலிருந்த ஒருவரை உட்கார வைத்துவிட்டு மாமா வெம்பக்கோட்டை ரோட்டிலிருந்த கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார்.

வந்தவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தார். எங்கள் ஊரில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். பேனாவைத் திறந்து கொடுத்தவர், என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

"நீ எட்டு மணி வண்டில டீச்சரோட வர்ற புள்ளதான?"

"ஆமா. எங்க அத்தை."

"ஒங்க ஊர்ல ஏழு மணிக்கு வண்டி கேக்கீகளாமே?"

எதிரி முகாமில் இருக்கிறோம் என்பது மறந்துபோயிற்று. "இல்ல இல்ல. அப்பாதான் ஏழுன்னு எழுதுனாக. அத்தை எட்டுன்னு மாத்திட்டாக. ஏழுன்னா அத்தையால காப்பி குடிக்க முடியாது" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நம்மளும் நேரத்த மாத்த வேண்டாம். எழுது" என்றார். வண்டிகள் இரண்டும் இப்போதுள்ள நேரத்திலேயே ஓட வேண்டும், திருத்தங்கலில் வழக்கம்போல் விருதுநகர் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த மனுவையும் யாரும் படிக்கவில்லை.

ஆவணி மாதம் மதுரையிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு விசாரிக்க வந்தார். பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் அப்பாவும் எங்கள் ஊர்க்காரர்களும் நின்றார்கள். மறுபக்கம் வெள்ளை வேட்டியில் மாமாவும் சிவகாசிக்காரர்களும். அதிகாரி இரண்டு மனுக்களையும் உரக்க வாசித்தார். எங்கள் மனுவை வாசித்தபோது அப்பாவின் வாய் திறந்து, அப்படியே நின்றுவிட்டது. அடுத்ததை வாசித்தபோது மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எதிர்த்தரப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது, இது நாங்கள் எழுதச் சொன்ன மனு இல்லை என்று எந்த ஊர்க்காரன் சொல்வான்?

"ரெண்டு ஊருமே நேரத்தை மாத்த வேண்டாம்னுதான் கேக்குறீங்க. அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?" என்றார் அதிகாரி. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுதின கையும் ஒண்ணு மாதிரியில்ல இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார். நான் பார்சல் எடை போடும் தராசைப் பார்த்தேன்.

எதுவும் மாறவில்லை. வண்டி நேரமும் மாறவில்லை, நிற்கிற வண்டியும் மாறவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

வீட்டில் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டு, எட்டு என்று யார் எழுதச் சொன்னது என்று மட்டும் கேட்டார். நான் காப்பி விஷயத்தைச் சொன்னேன். அத்தை அடுக்களையில் எதையோ கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா அத்தையைக் கூப்பிடவில்லை. அன்று இரவு அவர் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார்.

மறுநாள் அத்தைக்கும் எனக்கும் பள்ளி விடுமுறை. எட்டு மணி வண்டியில் அத்தை வழக்கமாக உட்காரும் பெட்டியிலேயே அப்பா என்னோடு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். திருத்தங்கலில் எதிர் வண்டி வந்து நின்றது. பழக்கத்தில் நான் பெட்டிகளை எண்ண எழுந்தேன். "இங்கனயே இரு" என்றார் அப்பா. அதனால்தான் முதல் முறையாக எதிரே இருந்தவர்களை முகம் முகமாகப் பார்த்தேன்.

"அப்பா, அந்தா கண்ணாடி போட்டவரு! அவருதான் மாமா வீட்ல மனு சொன்னவரு!"

அவர் எங்கள் வண்டியில் எந்த ஜன்னலையோ தேடிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் அப்பாவைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வந்தால் நிற்போமே, அப்படி. அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்து கண்ணுக்கு மறையும்வரை அந்த மனிதர் உட்காரவில்லை.

"போயும் போயும் சிவகாசி" என்றார் அப்பா, என்னிடம் அல்ல.

சிவகாசியில் இறங்கி நேராக மாமா வீட்டுக்குப் போனோம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அப்பா தானாக அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. மாமா பதறி எழுந்து, "வாங்க மாப்ள, வாங்க, சாப்பிட்டீகளா?" என்றார். இருவரும் உள்ளறையில் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கதவருகே எனக்குக் கேட்டது இவ்வளவுதான்.

"நாந்தான் இறங்கி வரணும் மச்சான். வந்துட்டேன்."

"அவுககிட்ட நா பேசுதேன் மாப்ள. நீங்க இம்புட்டுத் தூரம் வந்து கேட்டதே எனக்குப் போதும்."

அவுக என்றால் ரயில்வே அதிகாரி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் அந்தக் கண்ணாடிக்காரரோடு அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. அதுவரை இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை என்று பல வருஷம் கழித்து அத்தையே சொன்னார். அதெல்லாம் பிற்பாடு. அன்று மாலை திரும்பும் வண்டியில் நான் அப்பாவின் மேல் தீராத கோபத்தில் இருந்தேன். ஒரு ஊரே அவரை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்க, அவர் எதிரி வீட்டுக்குப் போய் இறங்கி வந்துவிட்டாரே.

"அப்பா, நம்ம ஊரு தோத்துருச்சா?"

"ஆமா தாயி. தோத்துத்தான் போச்சு."

சொல்லிவிட்டு, மாமா கொடுத்தனுப்பிய காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கு நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த சிவகாசிக்காரர் ஒருவரிடம் பொட்டலத்தை நீட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் மழை உண்டா என்று விசாரித்தபடி, அப்பா ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். தோற்றுப்போன ஒருவரால் எப்படி இவ்வளவு ருசித்துச் சாப்பிட முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஊர் வரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன்.