ஆறரை மணி முகம்

போன மாதம் தஞ்சாவூரில் என் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மேக்கப் போட வந்த பெண்ணிடம் அம்மாவும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். இந்த வயசில் எனக்கெதற்கு என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு உடனே போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண் ஒரு துணிச்சுருளை விரித்தாள். உள்ளே பத்துப் பதினைந்து பிரஷ். என் தாடை ஓரமாக மூன்று கோடு இழுத்துப் பார்த்தாள். முதல் இரண்டும் சுண்ணாம்புக் கோடாகத் தெரிந்தன. மூன்றாவது தோலோடு தோலாகப் போய்விட்டது. இதுதான் மேடம் உங்க ஷேட் என்றாள். என் நிறத்தைக்கூட பாட்டிலில் அடைத்து விற்கிறார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பிரஷ் சில்லென்று மூக்கோரம் வந்ததும் தும்மிவிட்டேன். இது எனக்குப் பழைய வியாதி. இந்தத் தும்மலுக்காக ஒரு காலத்தில் தினமும் சாயங்காலம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆமாம், தினமும்தான். நான் டிவியில் செய்தி வாசித்தவள். சிரிக்காதீர்கள். பெரிய சேனல் ஒன்றுமில்லை, எங்கள் ஊர் கேபிள்.

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. அப்போதெல்லாம் கேபிள் இழுத்துக் கொடுக்கிறவர்களே சொந்தமாக ஒரு சேனலும் நடத்துவார்கள். எங்கள் ஊரில் கண்ணப்பன் சார் நடத்தினார். அவர் வீட்டு மாடியில் ஒரு அறை, பின்னால் நீலத்துணி, ஒரு மேஜை, கண்ணைக் கூசவைக்கிற ரெண்டு விளக்கு. அவ்வளவுதான் ஸ்டுடியோ. கீழே முன்னறையில் அவர் சம்சாரம் வசந்தா அக்காவின் பியூட்டி பார்லர். நான் டீச்சர் வேலைக்குப் பதிந்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நான் பேசியதைக் கேட்டிருந்த சார், குரல் கணீர்னு இருக்கு, வந்து படிம்மா என்று கூப்பிட்டார். தினமும் ஆறரை மணிக்குப் பதினைந்து நிமிஷம் ஊர்ச் செய்தி. எந்த வாய்க்காலுக்கு எந்தக் கிழமை முறைத் தண்ணீர், கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்ததா, காணாமல் போன செவலைப் பசு, யார் வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து. டெல்லிச் செய்தி கிடக்கட்டும், நம்ம வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்க்க ஊரே டிவி முன்னால் உட்காரும்.

முதல் நாளே சார் சொல்லிவிட்டார், முகம் எடுக்கவில்லை, இருட்டாக விழுகிறது என்று. அப்புறம்தான் வசந்தா அக்கா உள்ளே வந்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஃபவுண்டேஷன் டியூப், ரோஸ் கலந்த வெள்ளை. பொன்னிறப் பெண்ணோ கறுத்த பெண்ணோ, எங்கள் ஊர் மணப்பெண் எல்லோருக்கும் அதேதான். பிரஷ்ஷும் ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் படம் வரைய வாங்குகிற தட்டை பிரஷ். பவுடர் டப்பா மூடியில் டியூபைப் பிதுக்கி, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நெற்றியில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் இழுப்பாள். ஆடாதடி, கோடு விழுது என்று அதட்டுவாள். ஃபேன் போட்டால் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். வியர்த்து வழிவதற்குள் நான் படித்து முடிக்க வேண்டும்.

கைக்குப் பூச டியூப் தாங்காது. அதனால் கையைத் தூக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. மேஜை மேல் பேப்பரை வைத்துக்கொண்டு, கையை மடியில் மறைத்துக்கொண்டு, குனிந்தே படிப்பேன். செய்தி வாசிக்கிற பொண்ணு ரொம்ப அடக்கம் என்று ஊரில் எனக்கு நல்ல பேர்.

பேர் என்றதும் ஞாபகம் வருகிறது, என் பேரையும் மாற்றிவிட்டார்கள். டிவியில் நான் வாணி. ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ரெண்டு பெண்கள் வாணியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன செவப்பு, மேலத்தெருப் பொண்ணாத்தான் இருக்கும், நல்ல எடமா பாத்துக் கட்டிக் கொடுப்பாங்க என்று. நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உள்ளுக்குள் பூரித்துப் போனேன். நான் ஆற்றங்கரைக் கீழத்தெருப் பெண். அவர்கள் வீட்டுக்கு நான் நானாகப் போயிருந்தால் எனக்கு எந்த டம்ளரில் காபி வந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பூரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் டிவி கிடையாது. பஞ்சாயத்து டிவி ரூம் ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு சார் அதற்கு ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார். அம்மா நடவோ களையோ முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு, ஆறரைக்கு டாண் என்று அங்கே போய் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நான் வீட்டுக்குத் திரும்பியதும் சாப்பிடுறியா என்று கேட்பாள். நல்லா படிச்சே என்றோ நல்லா இல்லை என்றோ ஒரு வார்த்தை வராது. நானும் கேட்டதில்லை. கேட்க எனக்கு ஒரு பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அந்த மூன்றாம் வருஷம் ஐப்பசியில் விடாத மழை. மழை விட்டு நாலு நாள் சுள்ளென்று வெயில் அடித்தது, ஊரே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. காலை பத்துமணி இருக்கும். சாயங்காலச் செய்தி எழுத நான் மாடியில் உட்கார்ந்திருந்தேன். லஸ்கரிடமிருந்து சாருக்குப் போன் வந்தது. லஸ்கர் என்றால் ஆற்றுக் கரையும் மதகும் பார்த்துக்கொள்கிற பொதுப்பணித் துறை ஆள். மேலே ஷட்டரைத் திறந்துவிட்டார்கள், ஆறு கரை முட்டி வருகிறது, பாலத்துக்குக் கீழே கிழக்குக் கரை சரிகிறது, மத்தியானத்துக்குள் உடைத்துக்கொள்ளும், பள்ளத்தில் இருப்பவர்களை ஹைஸ்கூலுக்கு ஏறச் சொல்லுங்கள் என்றார். பள்ளம் என்றால் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற ரெண்டு தெரு. அப்புறம் எங்கள் தெரு.

அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தாள். ரெண்டு ஆடு வைத்திருந்தாள், அதுகளை விட்டு நகருகிற ஆள் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். நீ ஓடிப்போறதுக்குள்ள டிவில சேதி போயிரும், உக்காரும்மா என்றார் சார். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார். வசந்தா அக்கா ஏதோ சடங்கு வீட்டுக்கு அலங்காரம் செய்யப் பெட்டியோடு போயிருந்தாள். பூசிவிட ஆள் இல்லை, பூசுகிற நினைப்பும் இல்லை. காலையில் போட்ட விபூதியோடு நிமிர்ந்து பார்த்துப் படித்தேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன் போலிருக்கிறது. மூன்று தரம் சொன்னேன்.

முடித்ததும் போன் அடித்தது. கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்து ஒருவர். யாருங்க அது புதுசா, வாணி எங்கே என்றார். அடுத்த போன், நல்லா வெயில் அடிக்குது, செய்தி நேரமும் இல்ல, எவளையோ உக்கார வச்சு வெளையாடுறீங்களா என்று. நாலு போனும் இப்படியே. நான்தாங்க வாணி என்று ஒருவரிடம் நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

சார் வியர்த்துப் போய் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதம்மா. அந்த முகத்தப் போட்டுக்கிட்டுச் சொன்னாத்தான் நம்புவானுங்க."

ஆள் அனுப்பி அக்காவை வரவழைத்தார்கள். ஓடி வந்த மூச்சோடு அவள் டியூபைப் பிதுக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நெற்றி, மூக்கு, கன்னம், பிரஷ் மெதுவாகப் போய்ப் போய் வந்தது. ஏழு எட்டு நிமிஷம்தான் இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு நிமிஷம் வேறு கிடையாது. ஆறு அங்கே ஏறிக்கொண்டிருக்கிறது, அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருப்பாள், நான் இங்கே வெள்ளை பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வந்தது. அழாதடி, கரையுது என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

திரும்பவும் விளக்கு முன்னால் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, அதே செய்தியைப் படித்தேன். அதற்கப்புறம் போனே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடைத்தெருப் பக்கமிருந்து பெட்டியும் பாயும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஹைஸ்கூலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் படியில் இறங்கி எங்கள் தெருவுக்கு ஓடினேன். ஒரு குஞ்சு குளுவான் இல்லை, எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. அப்படியே ஹைஸ்கூலுக்கு ஓடினேன். அங்கே வராந்தா முழுக்க எங்கள் தெருதான். ஊர்க்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து, கல்லைக் கூட்டி உலையும் வைத்துவிட்டார்கள். வேலையில்லாம டிவி ரூம்ல பாட்டுதான் பாத்துக்கிட்டிருந்தோம், நீ மொதத் தடவ வந்து சொன்னதுமே கெளம்பிட்டோம்ல, நம்ம புள்ள பொய்யா சொல்லப்போவுது என்றார்கள். கரை பன்னிரண்டரைக்கு உடைந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மண்சுவர் எல்லாம் விழுந்தது. ஒரு உயிர் போகவில்லை.

அம்மா தூணோரம் ரெண்டு ஆட்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். பாதி வெள்ளையும் பாதி கரைந்ததுமாக இருந்திருப்பேன். முந்தானையால் என் கன்னத்தை அழுந்தத் துடைத்தாள்.

"இன்னைக்குத்தான் ஒன்ன டிவில பாத்தேன்" என்றாள்.

அப்புறம் நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள். முடியாது, இனி இப்படியே படிக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கதையில் வருகிற பெண் என்றால் சொல்லியிருப்பாள். தண்ணீர் வடிந்ததும் நானாகவே போய் அக்கா முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசிரியர் வேலை வரும்வரை இன்னும் ரெண்டு வருஷம் வாணியாகவே இருந்தேன். பஸ்ஸில் யாராவது வாணியைப் பற்றிப் பேசினால் காது அப்போதும் அந்தப் பக்கம்தான் போனது. சேனல் அப்புறம் நின்றுபோனது. என்னைப் பதிந்த கேசட் மேலெல்லாம் கல்யாண வீடியோ பதிந்தார்கள். டிவி ரூம் இருந்த இடத்தில் இப்போது ரேஷன் கடை. அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்த ரெண்டு வருஷமும் அவள் ஒருநாள் விடாமல் ஆறரைக்குப் போய் அந்த டிவி முன்னால் உட்கார்ந்தாள். யாரைப் பார்க்கப் போனாள் என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.