என் பங்கை விற்றவர் யார்?

எனக்குப் பங்குச் சந்தையில் கணக்கு தொடங்கிக் கொடுத்தது என் தம்பி. பெங்களூரில் வேலை பார்ப்பவன். பொங்கலுக்கு வந்திருந்தபோது என் செல்போனை வாங்கி, ஆதார் அட்டையையும் பான் அட்டையையும் கேட்டு, என்னென்னவோ அழுத்தி, என் முகத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பினான். அவன் ஊருக்குக் கிளம்புவதற்குள் கணக்கு வந்துவிட்டது. "ஏதாவது ஒண்ணு சின்னதா வாங்கிப் பாருக்கா. அப்பத்தான் புரியும்" என்றான். வீட்டில் நாங்கள் துணிக்குப் போடும் சோப்பைத் தயாரிக்கிற கம்பெனியின் பங்கு ஒன்றை வாங்கினேன். ஒரே ஒரு பங்கு. பொத்தானை அழுத்தி விரலை எடுப்பதற்குள் வாங்கியாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

அந்த வேகம்தான் என்னை யோசிக்க வைத்தது. நான் வாங்கிய அதே நொடியில் யாரோ ஒருவர் விற்றிருக்க வேண்டும். யார் அவர்? நல்ல கம்பெனி என்று தம்பி சொல்கிறான். நல்லது என்றால் அவர் ஏன் விற்றார்? எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்குமோ?

தம்பியிடம் கேட்டேன்.

"யாராவது வித்திருப்பாங்கக்கா. மார்க்கெட்ல எத்தினியோ பேர் இருக்காங்க."

"அது தெரியுது. இத வித்தது யாரு?"

"அதெல்லாம் தெரியாது."

"ஏன் தெரியாது? ஒரு மனை வாங்குனா வித்தவங்க பேரு பத்திரத்துல இருக்குது இல்ல?"

அவன் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் விடாமல் கேட்டதில், முதலீட்டைப் பற்றித் தமிழில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஒரு இணையதளத்தை என் போனில் திறந்து வைத்தான். "இந்த மாதிரி கேள்வியெல்லாம் இங்க கேளு. என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டு ரயிலேறப் போய்விட்டான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில், தைத்து வருவதைப் பார்த்து அனுப்பும் வேலை. காட்பாடிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே போனதும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். எனக்குப் பக்கத்து மேசையில் அதே வேலை செய்பவரை எல்லோரும் ஆபா என்று கூப்பிடுவோம். ஆம்பூர்க்காரர், வீட்டில் உருது பேசுகிறவர். உருதுவில் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவர். கேன்டீனில் எப்போதும் ஒன்றாகத்தான் உட்காருவோம்.

தம்பி ஊருக்குப் போன மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் என் கேள்வியை அந்தத் தளத்தில் தட்டிப் போட்டேன். 'நான் வாங்கிய பங்கை எனக்கு விற்றவர் யார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?' மறுநாள் பார்த்தபோது பதில்கள் வந்திருந்தன. ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். வாங்க வருகிறவர்களையும் விற்க வருகிறவர்களையும் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கிறது, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று நமக்குக் காட்டாது என்றார். இன்னொருவர், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கவும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மூன்றாமவர் ஒரு பங்கு வாங்கியதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று எழுதிச் சிரிக்கிற முகங்களைப் போட்டிருந்தார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆபா போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தார்.

"சிரிக்கிறதுக்கு இதுல இன்னா இருக்குது?" என்றார். கொஞ்ச நேரம் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர், "நீ யாருன்னு கேட்டா அவங்களால சொல்ல முடியாதும்மா. ஏன்னு கேளு" என்றார்.

"யாரை ஏன்னு கேக்கறது?"

"வித்தவங்களத்தான். இங்க இத்தினி பேர் இருக்காங்களே, எல்லாரும் வாங்கிக்கினே இருப்பாங்களா? என்னிக்காவது வித்திருப்பாங்க இல்ல? அன்னிக்கி ஏன் வித்தேன்னு கேளு. உன்னோடத வித்தவர் இல்லன்னாலும் அவர மாதிரி ஒருத்தர்தானே."

எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே, கை கழுவிவிட்டு வந்து, இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். 'நீங்கள் கடைசியாக ஒரு பங்கை விற்றது ஏன்? கம்பெனியைப் பற்றி ஏதாவது தெரிந்து விற்றீர்களா, வேறு காரணமா? உள்ளதைச் சொல்லுங்கள்.' உள்ளதைச் சொல்லுங்கள் என்பதை ஆபாதான் சேர்க்கச் சொன்னார்.

இரண்டொரு நாள் எதுவுமே வரவில்லை. பிறகு ஒருவர் எழுதினார். மகளைக் கல்லூரியில் சேர்க்க விற்றேன், கம்பெனிமேல் எந்தக் குறையும் இல்லை, இன்னும் அதன் விலையைத் தினமும் பார்க்கிறேன் என்று. அது மடையைத் திறந்துவிட்ட மாதிரி பதில்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. வீட்டு மாடியில் ஒழுகிய தளத்தைச் சரிசெய்ய விற்றவர். பயந்து விற்றவர், விற்ற மறுநாளே விலை ஏறியதில் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லையாம். முடிவெட்டும் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி, அதே கடையில் வேறு யாரோ சொன்னதைக் கேட்டு விற்றவர். கணவர் இறந்த பிறகு அவர் போனில் இந்தப் பங்குகள் இருப்பதே தெரியவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் விற்றுவிட்ட ஒரு அம்மா. கணக்குப் போட்டுப் பார்த்து, கம்பெனியின் கடன் கூடுகிறது என்று விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்தான். தவறுதலாக விற்றேன், வாங்கத்தான் நினைத்தேன், பொத்தான் மாறிவிட்டது என்று ஒருவர் எழுதியதைப் படித்து ஆபா தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

தினமும் சாப்பாட்டு நேரம் இதற்கே போனது. வேறு மேசைகளிலிருந்தும் இன்னிக்கி யாரு வித்தது என்று கேட்டு வருவார்கள்.

ஒரு நாள் திறந்தால் கேள்வி மூடப்பட்டிருந்தது. முதலீட்டுக்குச் சம்பந்தமில்லாத கருத்துக் கேட்பு என்று தளத்தின் அட்மின் குறிப்பு எழுதியிருந்தார். ஆபாவுக்குக் கோபம். எனக்குக் கோபத்தைவிட எது சம்பந்தம், எது சம்பந்தமில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதையே அட்மினுக்கு எழுதிக் கேட்டேன். வாங்குவது எப்படி என்று கேட்டால் சம்பந்தம் இருக்கிறது, விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேட்டால் ஏன் இல்லை? அவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். இங்கே ஒரு கேள்விக்குச் சரியான பதில் ஒன்று இருக்க வேண்டும், உங்கள் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருகிறது, எது சரி என்று எப்படிச் சொல்வது என்றார். ஆளுக்கொரு பதில் வருகிறது என்பதுதானே எனக்குக் கிடைத்த பதில் என்று திருப்பி எழுதினேன். அடுத்த நாள் கேள்வியை அனுபவங்கள் என்ற பகுதிக்கு மாற்றித் திறந்துவிட்டிருந்தார். கீழே அவரும் ஒரு பதில் எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு விற்றாராம்.

அப்படித் திறந்த பிறகு வந்த ஒரு பதிலில்தான் நாங்கள் இருவரும் சாப்பாட்டை நிறுத்தினோம். 'மனைவிக்கு மிஷின் வாங்க விற்றேன். ஷூ மேல்பாகம் தைக்கிற மிஷின், பழையது. வீட்டிலேயே தைத்துக் கொடுக்கலாம் என்று வாங்கினோம். ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது. விற்றிருக்க வேண்டாமோ என்று இருக்கிறது.'

அதுவரை அந்தத் தளத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். எங்களால் பதில் சொல்ல முடிகிற ஒன்று முதல் தடவையாக வந்திருந்தது.

"எந்த ஊசின்னு கேளு" என்றார் ஆபா.

கேட்டோம். கடையில் கொடுத்த ஊசி என்று பதில் வந்தது. படம் அனுப்பச் சொன்னோம். மிஷின் தெரிந்தது, ஊசியின் முனை தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் பேரணாம்பட்டு. ஆம்பூரிலிருந்து நேர் பஸ் இருக்கிறது.

"ஞாயித்துக்கெழம போலாமா?" என்று ஆபாதான் கேட்டார். முன்பின் தெரியாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று நான் தயங்கினேன். ஆபா தன் வீட்டுக்காரரிடம் சொன்னார், அவர் பேரணாம்பட்டில் தெரிந்தவர்களிடம் விசாரித்தார். பதில் எழுதியவர் தோல் பதனிடும் இடங்களுக்குச் சரக்கு ஏற்றும் சின்ன வண்டி ஓட்டுகிறவராம், நல்ல மனுஷன்தான் என்று தெரிந்த பிறகே கிளம்பினோம்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து எங்களுக்காகக் காத்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார்.

"கேள்வி கேட்டது நீங்கதானா? நான் யாரோ காலேஜ் சார்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டு வாசல் அறையில் மிஷின் இருந்தது. அவர் மனைவி, கொசுவத்தை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, டீ வைக்கட்டுமா என்றாள். ஆபா அதற்கு முன்பே மிஷின்முன் உட்கார்ந்துவிட்டார். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் முனையைத் தொட்டுப் பார்த்து என்னிடம் கொடுத்தார். உருண்டை முனை. துணி தைக்கிற ஊசி. தோலுக்கு முனை கத்தி மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் அறுத்துக்கொண்டு போகும். நாங்கள் கையோடு கொண்டு போயிருந்த தோல் ஊசியைப் போட்டதும் மிஷின் ஓடியது. ஆனால் இரண்டு தோல் மடிந்து சேரும் இடத்தில் மறுபடி தடுமாறியது. மடிப்பைச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கிவிட்டுத் தைக்கும்படி அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். இரண்டு மூன்று தடவையில் அவளுக்குக் கை வந்துவிட்டது.

டீ குடிக்கும்போது, நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். "நீங்க வித்தது எந்தக் கம்பெனி?"

"சிமெண்ட் கம்பெனிங்க."

என்னுடையது இல்லை. அது முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் மனைவி தம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாத்த வித்த?"

"பங்கு."

"இன்னா பங்கு? யாரோட பங்கு?" அவள் குரலில் பயம் இருந்தது. ஊரில் பாகப்பிரிவினை ஏதாவது நடந்துவிட்டதா என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் தலையைச் சொறிந்தார். வண்டி ஓட்டிக் காத்திருக்கும் நேரத்தில் போனில் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதைச் சொன்னார். வீட்டில் சொன்னால் சூதாட்டம் என்று நினைப்பார்கள் என்று சொல்லவில்லை. மிஷினுக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கியதாகச் சொல்லியிருந்தார்.

அவள் சண்டை போடவில்லை. மிஷினை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப அத யாராவது வாங்கியிருக்கணும் இல்ல? வாங்குனது யாரு?" என்றாள்.

ஆபா என்னைப் பார்த்தார். நான் ஆபாவைப் பார்த்தேன். பிறகு அந்த மனிதர், "அது தெரியாதும்மா. கம்ப்யூட்டர் சேத்து வெக்கும்" என்று, எனக்கு ஒருவர் விளக்கியது போலவே விளக்க ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பும்போதும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பங்கு என்றால் காகிதமா, எங்கே வைத்திருப்பார்கள், தொலைந்துபோனால் என்ன செய்வது? அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மறைத்து வைத்த ஒன்றைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் கம்மி. ஜன்னலோரம் உட்கார்ந்த ஆபா, "விக்கிறவங்க எல்லாரும் இன்னாவோ தெரிஞ்சிதான் விக்கிறாங்கன்னு நானும் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்கதான்." எனக்கும் அதுதான். வாங்கிய நாளிலிருந்து எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய மூளைக்காரரை நானாக உட்கார வைத்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஒழுகும் மாடியும் கல்லூரிப் படிப்பும் தையல் மிஷினும் இருந்தன. கூடவே, கணக்குப் போட்டுப் பார்த்து விற்ற சில பேரும். என்னுடையதை விற்றவர் இவர்களில் எந்த வகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பேரணாம்பட்டுப் பெண்ணுக்கு இப்போது நிலையாக வேலை வருகிறது. அவள் கணவர் அவ்வப்போது தைத்த ஜோடியைப் படம் எடுத்து அனுப்புவார். தையல் வளைந்திருந்தால் ஆபா சொல்லிவிடுவார்.

நாங்கள் பேரணாம்பட்டு போய்வந்த அந்த வாரமே ஆபா தளத்தில் தனக்கென்று ஒரு கணக்கு தொடங்கினார். பங்கு வாங்குவதற்கு இல்லை. கேள்வி கேட்பதற்கு. முதல் கேள்வியை என்னிடம்கூடக் காட்டாமல் எழுதிப் போட்டுவிட்டு வந்தார். கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிவிட்டால் பங்கு வைத்திருக்கிறவர் வீட்டுக்குக் கடன்காரர்கள் வருவார்களா என்பது கேள்வி. எங்கள் பக்கத்தில் கம்பெனி மூடினால் தோல் கொடுத்தவர்கள் முதலாளி வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தவர் அவர். வர மாட்டார்கள், போட்ட பணம் போவதோடு சரி என்று உடனே பதில் வந்தது. அட்மின் அதைச் சரியான பதில் என்று குறித்தும் விட்டார்.

ஆபாவுக்கு அது போதவில்லை. யாரும் வர மாட்டார்கள் என்றால் மிச்ச நஷ்டம் எங்கே போகிறது, யார் தலையில் விழுகிறது என்று கீழேயே கேட்டார். இது வேறு கேள்வி, தனியாகக் கேளுங்கள் என்றார் அட்மின். இல்லை, இது அதே கேள்விதான் என்று ஆபா எழுதினார். இன்று சாப்பாட்டு நேரத்திலும் ஆபாவும் அட்மினும் தளத்தில் அதைத்தான் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தார்கள்.